பேட்டரி செத்த நேரம்

அந்தக் கார் கம்பெனிக் கட்டடத்துக்குள் பேட்டரி செத்துப்போய்விட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. இது தெரியாமல், ஜன்னல் திரை மாட்டும் திரைக்காரர் காலை பத்து மணிக்கு உள்ளே போய், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லித் தொலைத்தார்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலிகளில் காத்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

"சார், அந்த வார்த்தை மட்டும் வேண்டாமே."

"எந்த வார்த்தை?"

"இப்ப சொன்னீங்களே, அது. எங்க கம்பெனி பேட்டரி அதெல்லாம் பண்ணாது சார். சோர்வா இருக்கும். மந்தமா இருக்கும். கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கும். நான் 'ஓய்வு'ன்னு போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கோம்மா என்று சொல்ல வாயெடுத்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். உத்தரவாதப் பத்திரத்தைக் காலையில் வண்டிக்குள் உட்கார்ந்தே இரண்டு தடவை படித்திருந்தார். எட்டு ஆண்டுகளுக்குள் பேட்டரி இறந்தால் நிறுவனம் இலவசமாக மாற்றித் தரும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சோர்வு, மந்தம், மூப்பு, ஓய்வு ஆகியவை இறப்பு ஆகா என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. ஆக, செத்தால்தான் புதுசு. அந்த எட்டு ஆண்டுகள் முடிவது இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தேதியில் ஐந்து மணிக்குத்தான் வண்டியின் முதல் சொந்தக்காரரான பல் டாக்டர் கையில் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்களாம்.

வெளியில் கடன்பட்டுப் பல் டாக்டரிடமிருந்து திரைக்காரர் வாங்கிய பழைய வண்டி அது. பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட். திரைக்காரருக்கு வேலை வீடுவீடாகப் போய் ஜன்னலை அளப்பது, மனைவி தைத்துக் கொடுக்கும் திரைகளைக் கொண்டுபோய்க் கம்பி அடித்து மாட்டுவது. கம்பி, வளையம், துளை போடும் இயந்திரம், ஏணி எல்லாம் அந்த வண்டியில்தான் குடித்தனம் நடத்தின. ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது ஜன்னலுக்கு ஆர்டர் வந்திருந்தது. நாளை மறுநாளுக்குள் மாட்டி முடிக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். வண்டி இல்லையென்றால் ஆஸ்பத்திரி இல்லை. ஆஸ்பத்திரி இல்லையென்றால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியாது.

"ஓய்வுன்னு போடாதம்மா" என்றார். "எதுவும் போடாதே. பார்க்கிறவங்க பார்த்துச் சொல்லட்டும்."

"வெற்றிடமா விட முடியாது சார். 'உரிமையாளர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்'னு போட்டுக்கறேன்."

பார்க்கிறவர் பெயருக்குப் பரிசோதகர். ஒல்லியாக, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உண்மையிலேயே நல்ல மனுஷராக இருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"வண்டி தானாத்தானே சார் வந்துச்சு?"

"நொண்டிக்கிட்டு வந்துச்சுங்க. வழியெல்லாம் பின்னாடி ஹாரன். நடந்து வந்திருந்தா சீக்கிரம் வந்திருப்பேன்."

"ஆனா தானா வந்துச்சு." பரிசோதகர் எழுதிக்கொண்டார். "பேட்டரி இல்லாம எப்படி சார் வரும்?"

"இழுவை வண்டியில ஏத்திக்கிட்டு வந்திருந்தா?"

"ஏத்தி இறக்கும்போது அடிபட்டிருக்கும். அது விபத்து. உத்தரவாதத்துல வராது."

"அப்ப செத்த பேட்டரி எப்படித்தாங்க உள்ள வரணும்?"

பரிசோதகர் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். கிண்டலாக அல்ல, நிஜமாகவே யோசித்தார். "நான் எட்டு வருஷமா இங்க இருக்கேன் சார். இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல."

சோதனைக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றார். அதில் முதல் இரண்டு மணி நேரம் வெளியிலிருந்து மின்சாரம் ஏற்ற வேண்டும். காலியான பேட்டரியைச் சோதித்தால் இயந்திரம் அது செத்துவிட்டதாகத் தப்பாகக் காட்டிவிடுமாம். திரைக்காரர் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தன் பேட்டரிக்குக் கம்பெனி செலவில் உயிரேற்றுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பசித்தது. சாப்பிடப் போனால் இடத்தை விட்டு விலகியதாக எழுதிவிடுவார்களோ என்று பயந்து போகவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது.

ஒன்றரைக்குப் பரிசோதகர் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார். வரிசையாக இருபத்தெட்டுக் கட்டங்கள், பேட்டரியின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒன்று. இருபத்தேழு பச்சையாக இருந்தன. பதினொன்றாவது மட்டும் கறுப்பு.

"இருபத்தெட்டுல ஒண்ணுதான் சார் போயிடுச்சு" என்று கிசுகிசுத்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். "ஒண்ணு ஓய்வுல இருக்கு."

திரைக்காரருக்கு உயிர் வந்தது. "ஒண்ணுதானே? அதை மட்டும் கழட்டிட்டு வேற ஒண்ணு வைங்களேன். நான் காசு கொடுத்துடறேன்."

இப்படி ஒரு யோசனை வெளியிலிருந்து வந்தால் அதை மேலாளர்தான் கேட்க வேண்டும் என்று விதி. மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வர முக்கால் மணி நேரம் பிடித்தது. இறுக்கமான கோட்டுப் போட்டிருந்தார். பட்டன்களுக்கு இன்று வரைக்கும் பொறுமை இருந்தது. திரைக்காரரின் தோளில் கை போட்டு ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"சார், நீங்க கூட்டுக் குடும்பத்துல இருந்திருக்கீங்களா?"

"இருந்திருக்கேன்."

"அதுல ஒருத்தர் படுத்துட்டா மத்தவங்களைப் பார்த்திருக்கீங்களா? சாப்பிட மாட்டாங்க, தூங்க மாட்டாங்க. இருபத்தேழு பேர் துக்கத்துல இருக்கும்போது நடுவுல ஒரு புது ஆளைக் கொண்டுவந்து உட்கார வெச்சா அது நியாயமா? மாத்தினா குடும்பத்தையே மாத்தணும். அதுதான் எங்க கலாச்சாரம்."

"வெளியில ஒரு மெக்கானிக் ஒண்ணே ஒண்ணை மாத்தித் தர்றாராமே? அரை நாள் வேலைன்னாங்க."

மேலாளர் கையை எடுத்துவிட்டார். அவர் முகத்தில் நிஜமான வேதனை தெரிந்தது.

"செய்யலாம் சார். அரை நாள்கூட வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சு, சின்னப் பில்லோட நீங்க சிரிச்சுக்கிட்டே போயிட்டீங்கன்னா இந்தக் கட்டடம் எதுக்கு? இந்த ஏசி எதுக்கு? மாடியில நான் எதுக்கு? நாங்க பேட்டரி விக்கறவங்க இல்ல சார். நம்பிக்கை விக்கறோம். நம்பிக்கையைச் சில்லறையா விக்க முடியாது."

சொல்லிவிட்டுத் தன் பேச்சில் தானே நெகிழ்ந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கம்பெனியின் முடிவையும் அங்கேயே அறிவித்தார். பேட்டரி ஆரோக்கியமாக இருக்கிறது, ஆகவே இலவசமாக மாற்ற வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, ஆகவே வண்டியை வெளியே எடுக்க அனுமதியில்லை.

"நல்லா இருக்கற வண்டியை ஏங்க ஓட்டக் கூடாது?"

"பாதுகாப்பு சார். உங்க உயிர் எங்களுக்கு முக்கியம்."

திரைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை. "சரிங்க, புது பேட்டரி என்ன விலை? அதையாவது சொல்லுங்க."

வரவேற்புப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். மேலாளர் உதட்டில் விரலை வைத்தார். விலையை இப்படி நின்றுகொண்டு சொல்ல மாட்டார்களாம். போன வருஷம் ஒரு வாடிக்கையாளருக்கு நின்றபடியே சொல்லி, அவர் விழுந்ததில் கண்ணாடி மேசை உடைந்துவிட்டது. அதிலிருந்து விலைக்கென்று தனி அறை. ரத்த அழுத்தம் பார்த்து, ரத்த சொந்தம் ஒருவர் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் விலை எழுதிய உறையைப் பிரிப்பார்கள்.

திரைக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். அவள் தையல் இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, தோளில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல், இரண்டு பஸ் மாறி மூன்றே காலுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மனைவி செல்லாது மேடம்" என்றாள் வரவேற்புப் பெண். "ரத்த சொந்தம்னு போட்டிருக்கு. மனைவி கல்யாணச் சொந்தம்தானே?"

"எங்கம்மாவும் இவங்கப்பாவும் கூடப் பொறந்தவங்கம்மா" என்றாள் மனைவி. "நான் இவருக்கு அத்தை மக. கல்யாணத்துக்கு முன்னாடியே ரத்தம்தான். போதுமா?"

வரவேற்புப் பெண் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். அத்தை மகளைத் தடுக்க அதில் வழியில்லை.

விலை அறையில் மெத்தை நாற்காலிகள் இருந்தன, மேசை இல்லை. ஒரு நர்ஸ் இருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள். திரைக்காரருக்குக் கூடுதலாக இருந்ததால் இருபது நிமிஷம் காத்திருக்கச் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் அழுத்தம் எங்கே இறங்கும்? மூன்றாவது தடவை மனைவி தன் கையை இயந்திரத்துக்குள் நீட்டினாள். நர்ஸ் அதைப் பார்த்தும் பார்க்காதது போல எழுதிக்கொண்டாள்.

உறையைப் பிரித்தார்கள். திரைக்காரர் பூஜ்ஜியங்களை விரல் வைத்து எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். அந்த வண்டியை அவர் எந்த விலைக்கு வாங்கினாரோ, அதைப்போல ஒன்றரை மடங்கு. இரண்டு வருஷம் ராப்பகலாகத் திரை தைத்தாலும் தேறாது.

"இதுல புது வண்டியே வாங்கலாமே?" என்றாள் மனைவி.

"கண்டிப்பா வாங்கலாம் மேடம்" என்றாள் நர்ஸ். "ஷோரூம் கீழதான் இருக்கு."

வெளியே வந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. பரிசோதகர் ஓடி வந்து தன் நாற்காலியை இழுத்து மனைவிக்குப் போட்டார். "உக்காருங்கக்கா. கால் வலிக்குதுபோல. எங்க வீட்டுலயும் இதே கதைதான்." அவருடைய அறையில் மேசை இரண்டு இருந்தது, நாற்காலி ஒன்றுதான் இருந்தது. இடது மேசைக்கு மேல் 'உத்தரவாதப் பிரிவு' என்று பலகை. வலது மேசைக்கு மேல் 'பழைய பேட்டரி கொள்முதல் பிரிவு' என்று பலகை. அதன் கீழே, 'ஆரோக்கியமான பேட்டரிகளை நல்ல விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.' ஆள் குறைப்பில் இரண்டு பிரிவுக்கும் இவரையே போட்டுவிட்டார்கள். சுவர் ஆணியில் ஒரு நீலக் கோட்டுத் தொங்கியது.

மனைவி அந்தப் பலகையை இரண்டு தடவை படித்தாள்.

"தம்பி, பேட்டரி நல்லா இருக்குன்னு எழுத்துல கொடுப்பீங்களா?"

"அதுக்கென்னக்கா, தாராளமா!" யாரும் கேட்டு வாங்காத ஒன்றைக் கேட்கிறார்களே என்று பரிசோதகருக்குச் சந்தோஷம். இடது மேசையில் நின்றபடியே எழுதினார். பேட்டரி நல்ல ஆரோக்கியத்துடன் ஓய்வில் இருக்கிறது. கையெழுத்து, முத்திரை, நேரம் நாலு இருபத்தொன்று.

திரைக்காரர் மனைவியின் காதில் சீறினார். "உனக்கென்ன பைத்தியமா? செத்ததுன்னு நிரூபிக்கக் காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேன். நீ உயிரோட இருக்குன்னு கையெழுத்து வாங்கறியே!"

"சும்மா இருங்க" என்றாள். எழுந்து நாற்காலியை வலது மேசைப் பக்கம் நகர்த்தினாள். "தம்பி, எங்க பேட்டரியை வித்துடலாம்னு இருக்கோம். என்ன விலைக்கு எடுத்துப்பீங்க?"

பரிசோதகர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நீலக் கோட்டை மாட்டினார். முகமே மாறிவிட்டது. கொள்முதல் பிரிவுக்கென்று தனிப் படிவம், தனி அளவுகோல் எல்லாம் இருந்தன. மறுபடி பேட்டரியிடம் போய், இந்தத் தடவை மின்சாரம் ஏற்றாமல் சோதித்தார். கறுப்புக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். திரைக்காரர் உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். கடிகாரத்தின் பெரிய முள் கண்ணெதிரே நகர்ந்தது.

"சாரிக்கா. இதுக்கு ஒரு பைசா கொடுக்க முடியாது."

"ஏன் தம்பி?"

"இது செத்துப்போச்சுக்கா. முழுசா." நீலக் கோட்டுக்கு அந்த வார்த்தை தடையில்லை போலிருக்கிறது.

"எழுத்துல கொடுங்க."

எட்டு வருஷத்தில் அவர் இரண்டு மேசையிலும் ஆயிரக்கணக்கான தாள்கள் எழுதியிருந்தார். ஒரே பேட்டரியை ஒரே நாளில் இரண்டு மேசைக்கும் யாரும் கொண்டுவந்ததில்லை. அதனால் கை பழக்கத்தில் ஓடியது. பேட்டரி முற்றிலும் இறந்துவிட்டது, மதிப்பு பூஜ்ஜியம். கையெழுத்து, முத்திரை, நேரம் நாலு நாற்பத்தாறு.

முழங்கால் வலிக்காரி மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று திரைக்காரருக்கு இன்றும் விளங்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு மேலாளரின் மேசையில் இரண்டு தாள்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பரிசோதகரையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவசரத்தில் நீலக் கோட்டுக்கு மேலேயே வெள்ளைக் கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மேலாளர் இரண்டையும் படித்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டும் நம்ம சான்று" என்றார் நிதானமாக. "நம்ம கம்பெனி தப்பா எழுதாது. அப்ப நாலு இருபத்தொண்ணுக்கு அது உயிரோட இருந்திருக்கு. நாலு நாற்பத்தாறுக்கு இல்ல. நடுவுல இருபத்தஞ்சு நிமிஷம். அந்த இருபத்தஞ்சு நிமிஷம் பேட்டரி யார் பொறுப்புல இருந்துச்சு?"

பரிசோதகர் மேலே இருந்த வெள்ளைக் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"வாடிக்கையாளருக்குப் புது பேட்டரி கொடுத்துடலாம். உத்தரவாதம் உத்தரவாதம்தான்." மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். வளாகத்துக்குள் ஊழியரால் நேர்ந்த பேட்டரி மரணம் என்று அதில் அச்சடித்தே இருந்தது. "இதுக்கான விலையைச் சம்பளத்துல பிடிச்சுக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துல முடிஞ்சுடும்."

"சார்!" பரிசோதகரின் குரல் உடைந்தது. "அது காலையிலேயே செத்துத்தான் சார் வந்துச்சு. நான் பார்த்தேன். எனக்கு ரெண்டு பொண்ணு சார்."

"அப்படின்னா நாலு இருபத்தொண்ணு சான்று பொய்யாயிடும். ஒண்ணு பொய்யின்னா உங்க கையெழுத்துப் போட்ட ரெண்டும் செல்லாது. சார் நாளைக்குக் காலையில வந்து மொதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டும். எனக்கு எதுவானாலும் சம்மதம்." மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு திரைக்காரர் பக்கம் திரும்பினார். "வாடிக்கையாளர் வாக்குமூலம்தான் கடைசி. சொல்லுங்க சார். நீங்க வரும்போது பேட்டரி எப்படி இருந்துச்சு?"

மணி நாலு ஐம்பத்தேழு.

"அக்கா" என்றார் பரிசோதகர். கை இரண்டையும் கூப்பவில்லை, கூப்பப் போகிறவர் போல நெஞ்சுக்கு நேரே தூக்கி வைத்திருந்தார். "அக்கா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கக்கா."

மனைவியின் கண் நிறைந்துவிட்டது. அவள் புருஷன் பக்கம் திரும்பாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சொல்லு என்று பிடித்தாளா, சொல்லாதே என்று பிடித்தாளா என்று அவளுக்கே தெரியாது.

திரைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. அவருக்குத் தெரிந்த உண்மை ஒன்றே ஒன்றுதான். காலை பத்து மணியிலிருந்து அதைத்தான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எழுதிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. இப்போது பேனா தாளைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது. சொன்னால் இந்த மனுஷர் பிழைப்பார். நாளைக்கு உத்தரவாதம் இருக்காது, வண்டி இந்தக் கட்டடத்திலேயே நிற்கும், ஆஸ்பத்திரியில் வேறு எவனோ திரை மாட்டுவான். கால் வலிக்கு நாற்காலி போட்ட ஒரே ஆள் இவர்தான் என்றும் ஞாபகம் வந்தது. வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலு ஐம்பத்தொன்பது.

"நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார் திரைக்காரர். குரல் தன்னுடையதாகவே இல்லை. "ஜம்முனு ஓடி வந்துச்சு."

மேலாளர் அதை எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். பிறகு எழுந்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார்.

"ரொம்ப நன்றி சார். உங்களை மாதிரி வாடிக்கையாளர்கள் இருக்கறதாலதான் எங்க கம்பெனி நிக்குது."

திரைக்காரர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.